என் கையிலிருந்து என் மகளைக் காப்பாற்று, தாயே

அம்மனை நம்பி இருக்கும் உங்கள் எல்லோருக்கும் குமாரபாளையம் செல்வியின் வணக்கம். வீட்டில் எனக்கு வாய் நீளம். நாலு பேர் முன்னால் நின்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதுகிறேன்.

என் மகள் தாரணி எட்டு மாதத்தில் அழுவதை நிறுத்திவிட்டாள். பசித்தாலும் அழமாட்டாள். தடுப்பூசி போட்டபோது உதடு மட்டும் நடுங்கியது. என் முகத்தைப் பார்த்தாள், அடங்கிவிட்டாள். "தங்கமான புள்ளைங்க, சத்தமே இல்ல" என்று அக்கம்பக்கத்தில் கொஞ்சுவார்கள். அவள் ஏன் அழவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அவளுக்கு ஐந்து மாதம் இருக்கும்போது ஒரு மதியம் விடாமல் அழுதாள். எனக்கு உடம்பெல்லாம் பதறியது. பார்த்தால் என் கை அவள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தது. நான்தான் பொத்தினேன். ஆனால் எப்போது பொத்தினேன் என்று தெரியவில்லை. அவள் கண்கள் விரிந்ததைப் பார்த்த பிறகுதான் கையை எடுத்தேன். அதன்பிறகும் இரண்டு முறை அப்படி நடந்தது.

எனக்கு அப்படிச் செய்தவள் என் அம்மா. நாங்கள் தறிப்பட்டறையை ஒட்டிய வரிசை வீட்டில் இருந்தோம். இரவு ஷிப்ட் முடித்தவர்கள் பகலில் அங்கே தூங்குவார்கள். நான் அழுதால் சுவரைத் தட்டித் திட்டுவார்கள். வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்களோ என்று அம்மாவுக்குப் பயம். நான் மூச்சுக்குத் திணறும்வரை வாயைப் பொத்தியே வைத்திருப்பாள். அழக்கூடாது என்று நான் கற்றுக்கொண்டேன். அம்மா இறந்தபோதுகூட எனக்கு அழுகை வரவில்லை. கல்நெஞ்சுக்காரி என்றார்கள்.

சென்ற ஆனி, ஆடி இரண்டு மாதமும் நான் சரியாகத் தூங்கவில்லை. குழந்தையைத் தூக்கவே பயந்தேன். பால் கொடுத்ததும் பாயில் போட்டுவிட்டு, இரண்டு கையையும் முந்தானையில் சுற்றிக்கொண்டு எட்டி உட்கார்ந்துகொள்வேன். விடிந்ததும் தெருமுனை மாரியம்மன் கோயிலுக்கு ஓடுவேன். "என் கையிலிருந்து என் பிள்ளையைக் காப்பாற்று, தாயே." தினமும் இதே வேண்டுதல்தான். நூலுக்குக் கஞ்சி போடும் சைசிங் ஆலைக்கு வேலைக்குப் போகும் என் கணவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பிறகு எனக்கே ஒரு வழி தோன்றியது. நாமகிரிப்பேட்டையில் இருக்கும் என் கணவரின் அக்காவுக்குக் குழந்தை இல்லை. நங்கையா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். எனக்கு உடம்பு முடியவில்லை, குழந்தையை நீங்களே வளர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். "எங்கிட்டக் குடு சாமி, கண்ணுக்குள்ள வெச்சுப் பாத்துக்கறேன்" என்று அழுதுவிட்டார். தொட்டில்கூட வாங்கிவிட்டார். என் கணவர்தான் இழுத்தடித்தார். கடைசியில், "அம்மன்கிட்டப் பூப் போட்டுக் கேப்போம். அவ சொன்னா சரி" என்றார்.

பூப் போட்டுக் கேட்பது எங்கள் பக்கத்தில் வழக்கம். சிவப்புப் பூவை ஒரு பொட்டலத்திலும், வெள்ளைப் பூவை இன்னொன்றிலும் கட்டி அம்மன் முன்னால் வைப்பார்கள். ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். சிவப்பு வந்தால் நங்கையா வீட்டுக்கு, வெள்ளை வந்தால் என்னிடமே என்று பேசிக்கொண்டோம். பொட்டலத்தை நானே கட்டித் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். இரண்டிலும் செம்பருத்தியை வைத்து வாழையிலையில் சுருட்டி நூலால் கட்டினேன். சாமியை ஏமாற்றுகிறோம் என்று தெரியும். வெள்ளை வந்துவிட்டால் என்ன செய்வேன்? அந்தப் பயம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது.

ஆவணி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை. தாரணியையே எடுக்கச் சொல்லிப் பூசாரி கீழே உட்கார வைத்தார். ஒன்றை எடுத்தாள். நான் மூச்சு விட்டேன். அவள் விடுவாளா! இன்னொரு கையை நீட்டி மற்றதையும் பிடித்துக்கொண்டாள். பூசாரி முதல் பொட்டலத்தை வாங்கிப் பிரித்தார். சிவப்பு. நங்கையா கையெடுத்துக் கும்பிட்டார். அதற்குள் இவள் இரண்டாவதை வாயில் வைத்து இலையைக் கிழித்துவிட்டாள். மடியெல்லாம் சிவப்பு இதழ்.

"ஏஞ்சாமி, வெள்ளப் பூவு எங்க?" என்றார் பூசாரி.

"ஏம்புள்ள, அம்மனையே ஏமாத்தப் பாத்தியா?" என்று என் கணவர் கத்தினார். அவர் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. பூசாரி அவரைக் கையமர்த்திவிட்டு என்னிடம் கேட்டார்: "பெத்தவ இப்படிப் பண்ண மாட்டா. உனக்கு என்ன பயம் கண்ணு?"

அதுவரை என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அந்த இடத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என் கையைப் பற்றி, என் அம்மாவின் கையைப் பற்றி. நங்கையா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். என் கணவர் தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

பூசாரி திட்டவில்லை. "எம்பட மருமவளுக்கும் பிரசவத்துக்கு அப்பறம் மனசு கெட்டுப் போச்சுங்க. டாக்டரப் பாத்து மாத்திரை சாப்புட்டா. நாளைக்கே கூட்டிட்டுப் போங்க" என்று என் கணவரிடம் சொன்னார். எனக்குத் திருநீறு பூசிவிட்டார்.

அரசு ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர் ஒரு பெண். சின்ன வயதில் உங்களுக்கு நடந்தது இன்னும் உங்கள் உடம்பில் இருக்கிறது, பிள்ளை அழும்போது அது விழித்துக்கொள்கிறது என்றார். மாத்திரை கொடுத்தார். வாராவாரம் வரச் சொல்லிப் பேச வைத்தார். என்னை நம்பிக் குழந்தையைத் தனியாக விடாமல் நங்கையா ஐந்து மாதம் எங்களோடு வந்து தங்கினார். தொட்டில் வாங்கி ஏமாந்த மனுஷி, எனக்குக் காவலாக இருந்தார். அந்தக் கடனை நான் எப்படித் தீர்ப்பேன்?

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. அழுகைச் சத்தம் கேட்டாலே கை விறைக்கும். குழந்தையை நங்கையாவிடம் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய் நின்று மூச்சு வாங்குவேன். தாரணியும் லேசில் நம்பவில்லை. என்னிடம் வந்தால் வாயை இறுக்கிக்கொள்வாள். இப்போது என் வேண்டுதல் மாறியது. "என் பிள்ளை என்னிடம் வந்து அழ வேண்டும், தாயே" என்று கேட்டேன்.

தை மாதத்தில் ஒரு நாள் தாரணி தத்தித் தத்தி நடந்து வாசல்படியில் விழுந்தாள். முட்டி சிராய்த்துவிட்டது. நங்கையா பக்கத்தில்தான் இருந்தார், கையை நீட்டினார். தாரணி அவரைத் தாண்டி என்னிடம் தவழ்ந்து வந்தாள். என் முகத்துக்கு நேராக வாயைப் பிளந்துகொண்டு, தெருவே கேட்கிற மாதிரி அழுதாள். என் கை அவள் முதுகில் இருந்தது. முதுகில்தான் இருந்தது. நானும் கூடச் சேர்ந்து சத்தம் போட்டு அழுதேன். அம்மா போனதற்கும் சேர்த்து அழுதேன் என்று நினைக்கிறேன்.

பயம் இன்னும் முழுசாகப் போகவில்லை. மாத்திரையும் நிற்கவில்லை, கோயிலும் நிற்கவில்லை. உங்களில் யாராவது ஒரு தாய் தன் கையைப் பார்த்துத் தானே பயந்துகொண்டிருந்தால், அம்மனிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். டாக்டரிடமும் சொல்லுங்கள். நான் ஏமாற்றப் போன இடத்திலேயே என் பிள்ளையை என்னிடம் திருப்பிக் கொடுத்தவள் அவள். உங்களை விட்டுவிடுவாளா?