வாயில் சுருள் இருக்கும் வரை

என் வீட்டுச் சமையலறையில், தென்கிழக்குச் சுவருக்கு முகம் கொடுத்து, கண்களை மூடிச் சுருளைத் தின்றுகொண்டிருக்கிறாள் எதிர்வீட்டுச் சதாயோ. ஒசாகா முழுவதிலும் இத்தனை அதிர்ஷ்டச் சுருள் தின்ற வாய் வேறு கிடையாது. பத்தாயிரம் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். அது என் கைச்சரக்கு. உண்மையில் முந்நூற்றுச் சொச்சம்தான்.

வசந்தத்துக்கு முதல்நாள், அந்த வருஷத்துக்கு உரிய திசையைப் பார்த்து, கடற்பாசி சுற்றிய சோற்றுச் சுருளை வெட்டாமல், கண்ணை மூடி மனசுக்குள் வேண்டிக்கொண்டே தின்ன வேண்டும். முடியும்வரை பேசக் கூடாது. பேசினால் அதிர்ஷ்டம் போய்விடும். மற்றவர்களுக்கு ஒன்று, சதாயோவுக்கு முப்பது. கடையில் விற்காததை வேலை செய்பவர்களே வாங்க வேண்டும் என்பது அவள் முதலாளி ஓகுமா போட்ட சட்டம். சம்பளத்தில் பிடித்துக்கொள்வார். மறுத்தால், திறந்த குளிர்பெட்டிக்கு முன்னால் நின்று, "நான் சம்பளத் திருடி" என்று நூறு முறை சொல்ல வேண்டும். சதாயோ ஒரு தடவை நின்றாள். அதற்குப் பிறகு பதினோரு வருஷம் வாங்கினாள். இன்றைக்கும் யார் வீட்டிலாவது குளிர்பெட்டி திறந்திருந்தால் ஓடிப்போய் மூடிவிடுவாள்.

"கண்ண மூடிட்டா கடையே காணாமப் போயிடும் பெரியம்மா," என்பாள். "வெள்ளையா ஒரு மூட்டம். அதுக்குள்ள மெதுவா நடந்து போவேன். ஓகுமா கத்துறது, ஆத்துக்கு அந்தப் பக்கம் நாய் குரைக்கிற மாதிரி இருக்கும்."

"அப்படி என்னடி வேண்டிக்குவ?"

"அடுத்த வருஷமாவது வித்துத் தீரணும்னுதான்."

போன வருஷம் யாரோ புகார் கொடுக்க, தொழிலாளர் அலுவலக அதிகாரி சரியாக அந்த நாளில் கடைக்கு வந்துவிட்டார். ஓகுமா லேசுப்பட்டவரா? கடையில் வேலை செய்த நாலு பெண்களையும் வரிசையாக நிறுத்தி, வாயில் ஆளுக்கொரு சுருளைத் திணித்தார். "நல்ல நாளுங்க. இப்பப் பேச வச்சா இதுங்க அதிர்ஷ்டம் போயிடும், பாவம்." அதிகாரியும் ஒசாகாக்காரர், தயங்கினார். பேசினால் சதாயோவுக்கு வேலை போய்விடும், ஐம்பத்தெட்டு வயதில் வேறு யார் கூப்பிடுவார்கள்? யாருமே பேசாவிட்டால் புகார் அன்றோடு முடிந்தது. அப்போதுதான் சதாயோ சுருளைப் பிடுங்கி, ஓகுமாவின் நெற்றியைப் பார்த்து எறிந்து, கூரை அதிர எல்லாவற்றையும் சொன்னாள். அந்த எறிதான் ஓகுமாவைக் கோர்ட்டில் நிறுத்தியது.

நான் இப்படிச் சொல்வதைக் கேட்டுக்கொண்டே தின்ற சதாயோ, கடைசி வாயை விழுங்கிவிட்டுக் கண்ணைத் திறந்தாள்.

"எறிவேனா? என் சம்பளத்துல பிடிச்சதாச்சே. அவர் திணிக்கவும் இல்ல பெரியம்மா. கண்ணக் காட்டினார், நாங்களே எடுத்து வச்சுக்கிட்டோம். மத்த மூணு பேரும் மெல்லாமலே நின்னாங்க." விரலில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். "நான் முழுசும் தின்னேன். அந்த அதிகாரி அதுவரைக்கும் காத்துக்கிட்டு நின்னார். அப்புறம்தான் சொன்னேன்."