அரக்கில் விழுந்த காக்காப்பொன்

பொய் சொல்வதில் நான் பெரிய கெட்டிக்காரி இல்லை. சொன்னால் முகமே காட்டிக்கொடுத்துவிடும். ஒன்பது வயதில் ஒரே ஒரு பொய் மட்டும் பிசிறில்லாமல் வாயில் வந்தது. அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது.

அப்பா பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். கோடை விடுமுறைக்கு என்னைக் கல்லிடைக்குறிச்சியில் அம்மாவின் தம்பி வீட்டில் விட்டுவிடுவார்கள். மாமாவுக்கு அங்கே கடைசல் பட்டறை. மரச்சொப்பும் தொட்டில் குமிழும் கடைந்துகொண்டிருந்தவருக்கு அந்த வருஷம் ஒரு யோகம் அடித்தது. இரும்பு முள்ளைச் செருகி மையில் தொட்டு எழுதுகிற பேனாவுக்கு, மரமே இல்லாமல் முழுக்க அரக்கில் பிடி கடைந்து தரமுடியுமா என்று அப்பாவின் மிஷன் பள்ளி மானேஜர் கேட்டனுப்பியிருந்தார். மாதிரி பிடித்துவிட்டால் அவர் கையிலுள்ள பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் மாமாவே கடைந்து கொடுக்கலாம். மாமாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

கடைவது மாமா என்றாலும் வார்ப்பது அத்தைதான். அரக்கையும் குங்கிலியத்தையும் சட்டியில் உருக்கி, ஆற்று மணலில் நட்டுவைத்த மூங்கில் குழாய்களில் ஊற்றுவாள். பதம் பார்ப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. மாமாகூட அந்தச் சட்டிப் பக்கம் வாய் திறக்கமாட்டார். ஊற்றியபின் எட்டு நாள் நிழலில் தானாக ஆற வேண்டும். அவசரப்பட்டு எடுத்தால் உள்ளே இறுகியிருக்காது.

அன்று குழாய்களை நட்டு முடித்த அத்தை, கையிலிருந்த மணலை நன்றாகத் துடைத்துவிட்டு, கரண்டி எடுக்க உள்ளே போனாள். என் மடியில் காலையில் ஆற்று மணலிலிருந்து பொறுக்கிய காக்காப்பொன், பொன் மாதிரி மினுங்கும் கல் துகள், இருந்தது. பேனா மினுமினுத்தால் அப்பாவின் பள்ளிக்கூடமே மயங்கி விழும் என்று எனக்கு ஓர் எண்ணம். ஒரு கைப்பிடி அள்ளி, அரக்கு உருகிக்கொண்டிருந்த சட்டியில் போட்டேன். ஈரம் காயாத துகள் சடசடவென்று பொரிந்து அடங்கியது. அத்தை திரும்பி வந்தபோது நான் பல்லி மாதிரி சுவரோடு ஒட்டி நின்றேன்.

ஒன்பதாம் நாள் மூங்கிலைப் பிளந்து எடுத்தார்கள். வெளியே பார்க்க ஒரு குறையும் இல்லை. நல்ல மாதுளை நிறம். அத்தை கடைசலின் தோல் வாரை இழுத்துச் சுழற்ற, மாமா உளியை வைத்தார். முதல் அரக்குக் கட்டை வெடித்துச் சிதறியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை மாமா கையாலேயே ஒடித்துப் பார்த்தார். உள்ளெல்லாம் பொத்தல், பொத்தலுக்குள் மினுக்கம். மாதிரியோ மறுநாள் மானேஜர் கைக்குப் போயாக வேண்டும்.

“ஏளா, ஆத்து மணலுல்லா உள்ள கெடக்கு! கையத் தொடைக்காமலா ஊத்துன?”

“தொடைச்சேனே,” என்றாள் அத்தை.

மாமா என் பக்கம் திரும்பினார். “ஏட்டி, நீ அங்கனதான நின்ன. பாத்தியா?”

ஞாயிறு பள்ளியில் பத்துக் கட்டளைகளையும் மூச்சு விடாமல் ஒப்பித்துப் பரிசு வாங்கியவள் நான்.

“ஆமா மாமா. அத்த கையெல்லாம் மணலா இருந்துச்சு. அப்படியேதான் ஊத்துனாவ.”

அத்தை என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள். “மறந்துட்டேன் போலுக்கு,” என்றாள், பைய.

மாதிரி போகவில்லை. வேலை வேறு யாருக்கோ போயிற்று. அதைவிட, மாமா அத்தையை அதற்கப்புறம் சட்டியைத் தொடவிடவில்லை. அவரே உருக்கினார், அவரே கருக்கினார். அத்தை வாரை மட்டும் இழுத்தாள். ஒவ்வொரு விடுமுறையிலும் அதைக் கண்ணால் பார்த்தேன். ஒரு வருஷமும் வாயைத் திறக்கவில்லை. இப்போது அவள் இல்லை. யாரிடம் போய்ச் சொல்வது?

கட்டை உடைந்த அன்று மத்தியானம் அத்தைதான் எனக்குச் சோறு போட்டாள். நான் குழம்பு இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். நான் சொன்ன பொய்யை அத்தையே நம்பிவிட்டாள் என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.