பன்னிரண்டு நிமிடம்

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். இது என் வீட்டுக்காரருக்கு நடந்தது. நடுராத்திரி சமாசாரமும் இல்லை. பட்டப்பகல், ஞாயிற்றுக்கிழமை, மணி 12:05. அவர் பொய் சொன்னால் முகத்திலேயே எழுதியிருக்கும். கல்யாணமான பதினேழு வருஷத்தில் எத்தனை தடவை பிடித்திருக்கிறேன்! அன்றைக்கு அந்த முகத்தில் பொய் இல்லை.

அவர் குளிர்சாதன மெக்கானிக். ஒரு மீன் கிடங்கின் குளிர் அறை அவர் பொறுப்பில் இருந்தது. உள்ளே மைனஸ் இருபத்திரண்டு டிகிரி. கதவு ரப்பரில் பனி கவ்விவிட்டால் யானை வந்து இழுத்தாலும் திறக்காது. அதனால் ரப்பருக்குள் ஒரு ஹீட்டர் உண்டு. மணிக்கு ஒரு தடவை டைமர் ‘டொக்’ என்று அதைப் போட்டுவிடும், பனி இளகும்.

“உள்ள மாட்டிக்கிட்டா பதறாதீங்கப்பா. ஒரு மணி நேரத்துல கதவு தானா விட்டுடும்” என்று அங்கே வேலை செய்கிறவர்களிடம் இவர்தான் சொல்லி வைத்திருந்தார்.

அந்தப் பேச்சை நம்பியவன் நெட்டை. பெட்டி தூக்குகிற ஆள், ஆறடிக்கு மேலே உயரம். மூன்று வாரத்துக்கு முன்னால் உள்ளே மாட்டினான். கதவு விட்டபோது விறைத்துக் கிடந்தான். உயிர் போய்ச் சில நிமிஷம்தான் ஆகியிருக்கும் என்றார் டாக்டர். “பயந்துட்டான், பாவம். தைரியமா இருந்திருந்தா பொழைச்சிருப்பான்” என்றார் இவர். நானும் தலையாட்டினேன்.

அதற்கப்புறம்தான் முதலாளிக்குப் புத்தி வந்தது. உள்ளே ஒரு அபாய மணி வைக்கச் சொன்னார். அதை மாட்டத்தான் அன்றைக்கு இவர் தனியாகப் போனார். பத்து நிமிஷ வேலைதானே என்று குளிர் கோட்டைக்கூடப் போடவில்லை. போன் குளிரில் செத்துவிடும் என்று அதையும் வெளியே வைத்துவிட்டார். 12:05க்கு டைமர் ‘டொக்’ என்றது, கதவு இளகியது. கனமான டூல்ஸ் பெட்டியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

12:10. முதுகுக்குப் பின்னால் ‘தப்’ என்று ஒரு சத்தம். கதவு மூடியிருந்தது.

இழுத்தார், தள்ளினார், காலால் உதைத்தார். ஈர ரப்பர் அதற்குள் உறைந்துவிட்டது. அபாய மணி அவர் கையிலேயே இருந்தது. இன்னும் கம்பி கொடுக்கவில்லை.

சரி, 1:05க்கு விட்டுவிடும் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். குதித்தார், கையைத் தேய்த்தார். கைக்கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

12:40. விரல்கள் இருப்பதே தெரியவில்லை. மூச்சு வெள்ளைப் புகையாக வந்தது. பக்கத்தில் இன்னொரு புகை... அவர் தலைக்கு மேலே, ஒரு சாண் உயரத்தில்.

மூச்சை அடக்கினார். அவர் புகை நின்றது.

அது நிற்கவில்லை.

1:05.

‘டொக்’ வரவில்லை. கால் மடங்கியது. கண் சொருகியது...

“தூங்கிடாதீங்கண்ணே.”

“யா... யாரு?”

“இன்னும் பன்னெண்டு நிமிஷம் இருக்கு.”

“ஒரு மணி நேரம் ஆச்சே...”

“எனக்கும் ஆச்சுண்ணே.”

பதினொண்ணு... பத்து... அது எண்ணியது. இவர் கண் மூடும்போதெல்லாம் அதட்டியது.

மூணு... ரெண்டு...

1:17.

டொக்.

தவழ்ந்து வெளியே வந்தார். டூல்ஸ் பெட்டி எதிர்ச் சுவரோரம் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. கிடங்கில் வேறு ஈ காக்கா இல்லை.

மறுநாள் டைமரைக் கழற்றி, தகட்டில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தார். 60 என்று இருந்தது. தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். எனக்குப் புரியும்படி அன்றைக்குத்தான் சொன்னார். நம் வீட்டுக் கரண்டு நொடிக்கு ஐம்பது தடவை முன்னும் பின்னும் போய்வருமாம். ரொம்பக் குறைத்தால் விளக்கு கண் சிமிட்டும், ரொம்பக் கூட்டினால் தொலைதூரக் கம்பியில் தொல்லை. அதனால் நடுவில் ஒன்றைப் பிடித்துக்கொண்டார்கள். சில நாடுகளில் ஐம்பது, சில நாடுகளில் அறுபது. கப்பல்களில் பெரும்பாலும் அறுபதுதான். அந்த டைமர், கப்பல் உடைக்கிற இடத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று இவரே வாங்கி மாட்டியது. அதன் மோட்டார் அறுபது ஆட்டம் ஆடினால்தான் ஒரு நொடி என்று கணக்கு வைக்கும். ஐம்பதில் ஓட்டினால் அதன் ஒரு மணி நேரம், நமக்கு எழுபத்திரண்டு நிமிஷம்.

நெட்டை பயந்து சாகவில்லை. இவர் சொன்ன ஒரு மணி நேரத்தையும் தைரியமாகத் தாங்கியிருக்கிறான், பாவி மகன்.

அவன் மனைவியிடம் சொல்லாவிட்டால் தனக்குச் சோறு இறங்காது என்றார். என்னைத் தவிர யாருக்கும் அந்தக் கணக்கு தெரியாது. சாயந்திரம் இருவரும் போனோம். அவள் கதவைத் திறந்தாள். இவர் கைகூப்பினார்.

“பன்னெண்டு நிமிஷம்... அதைச் சொல்லத்தானே வந்தீங்க?” என்றாள் அவள்.

அவள் எங்களைப் பார்த்துக் கேட்கவில்லை. இவர் தலைக்கு மேலே, ஒரு சாண் உயரத்தில் பார்த்துக் கேட்டாள்.