கை நனையாத கசிவு

என் அக்கா புருஷன் குடிநீர் இலாகாவில் முப்பது வருஷம் கசிவு பார்த்தவர். தெருவில் இரும்புக் கம்பியை ஊன்றி, அதில் காதை வைத்து, பூமிக்குள் குழாய் எங்கே உடைந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஊரே மெச்சிய காது. அதில் அக்கா பேச்சு மட்டும் ஏறவே ஏறாது.

நாலு மாதமாக அவருடைய பழைய கார் சிக்னலில் நின்றால் இருமி இருமி அணைந்துவிடும். மெக்கானிக்கிடம் விடுங்கள் என்றால் கோபம் பொத்துக்கொண்டு வரும். பிளக்கை மாற்றினார், ஏர் ஃபில்டரை மாற்றினார், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஐடில் ஸ்க்ரூவைத் திருகித் திருகி அதன் மண்டையே மழுங்கிப்போனது.

"உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வருதுங்க" என்று அக்கா சொல்லிப் பார்த்தாள். அவர் ஒவ்வொரு குழாயையும் செய்தித்தாளால் ஒற்றிக் காட்டினார். "பாரு, பொட்டு ஈரம் இல்ல. லீக்காம் லீக்கு!"

அக்காவின் முழங்கால் ஆபரேஷனுக்கு ஆறு மாதம் காத்திருந்து தேதி கிடைத்திருந்தது. அன்று காலை பத்து மணிக்குள் போகாவிட்டால் இன்னும் ஆறு மாதம் நொண்ட வேண்டியதுதான்.

"டாக்ஸி சொல்றேன் அத்தான்" என்றேன்.

"என் பொண்டாட்டிய நான் கூட்டிட்டுப் போவேன் மாப்ள."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் காரிலேயே கிளம்பினோம். மூன்று சிக்னல், மூன்று தடவை அணைந்தது. நாலாவதில் ஓரமாகத் தள்ளி நிறுத்தினோம். மணி ஒன்பது நாற்பது. நான் ஆக்ஸிலேட்டரை மிதித்து எஞ்சினின் உயிரைப் பிடித்து வைத்திருந்தேன். அவர் பானெட்டுக்குள் தலையை விட்டு மறுபடியும் அதே ஸ்க்ரூவைத் திருகினார்.

அக்கா கைத்தடியோடு இறங்கி வந்தாள். அவரைத் தோளால் ஒதுக்கிவிட்டு, உஸ்ஸென்ற சத்தம் வந்த ரப்பர் குழாயின் முனையில் இருந்த வெடிப்பைக் கட்டைவிரலால் அடைத்தாள். எஞ்சின் நிதானமானது. நான் காலை எடுத்தேன். அணையவில்லை.

"வெளிய ஒழுகலைங்க. உள்ள காத்த இழுக்குது. விரல்ல ஒட்டுது பாருங்க."

ஆயுள் முழுக்க வெளியே ஒழுகுவதையே தேடியவர் தன் விரலையும் வைத்துப் பார்த்தார். வெடித்த முனையை நறுக்கிவிட்டுக் குழாயைத் திரும்பச் செருகினார். இரண்டு நிமிட வேலை. இதற்கா நாலு மாதம்!

பத்தடிக்க மூன்று நிமிடம் இருக்கும்போது ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தோம். சக்கர நாற்காலியில் இருந்த அக்காவிடம் அவர் குனிந்தார்.

"நீ சொல்லி நான் கேக்காம விட்டது இன்னும் என்னென்னடி?"

"இப்ப ஆரம்பிச்சா ஆபரேஷனுக்கு நேரமாயிடும். வெளிய வந்ததும் சொல்றேன்" என்றாள் அக்கா. "வீட்டுக்குப் போயிட்டு வரும்போது, நீங்க காது வைக்கிற அந்தக் கம்பிய எடுத்துட்டு வாங்க."