இங்கிட்டு என்று பெயர் வைத்த பிரிண்டர்

கீரமங்கலத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபின் கிளையில் எனக்கு வேலை. ரத்தம் எடுப்பது உள்ளே இருக்கும் பெண்கள். நான் முன்னறையில் கம்ப்யூட்டருக்கு எதிரே உட்கார்ந்து, ரிப்போர்ட்டை அச்சடித்துக் கவரில் போட்டுக் கொடுப்பவன். ரத்தத்தைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும் என்பதால் இந்தப் பிரிவினை எல்லோருக்கும் சௌகரியம். ஆனால் சட்டைப்பையில் இரண்டு பேனா செருகியிருப்பேன். அதைப் பார்த்து என்னையே டாக்டர் என்று நினைத்து நாக்கை நீட்டியவர்கள் உண்டு. நானும் மனம் கோணாமல் எட்டிப் பார்த்திருக்கிறேன்.

ரிப்போர்ட் போடும் சாஃப்ட்வேர் எங்கள் கம்ப்யூட்டரில் கிடையாது. அது புதுக்கோட்டைத் தலைமை அலுவலகத்து மெஷினில் இருக்கிறது. ரிமோட் டெஸ்க்டாப் என்ற ஒன்றைத் திறந்தால் அந்த மெஷினின் திரை என் முன்னால் விரியும். மௌஸைப் பிடித்த கை கீரமங்கலத்தில் இருக்கும், வேலை நடப்பது புதுக்கோட்டையில். இதுவரை குழப்பமில்லை. பிரிண்ட் கொடுக்கும்போதுதான் வம்பு. அந்த மெஷினுக்குத் தன் பக்கத்தில் இருக்கும் பிரிண்டர்தான் தெரியும். நம்முடைய பிரிண்டரில் காகிதம் வரவேண்டும் என்றால், இணைப்பைத் திறக்கும்போதே அதையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி ஒரு டிக் அடிக்க வேண்டும். அடித்துவிட்டால் அங்கே இருக்கிற பிரிண்டர்களின் வரிசையில் நம் பிரிண்டரும் விருந்தாளி மாதிரி போய் உட்காரும். பெயருக்குப் பின்னால் ஒரு நீண்ட வாலும் இருக்கும்.

எங்கள் பிரிண்டருக்குக் கம்பெனி வைத்த பெயர் எண்ணும் எழுத்துமாக ஒரு முழ நீளம். தினமும் எது நம்முடையது என்று தேடிச் சலித்து, ஒருநாள் நானே பெயரை மாற்றினேன். இங்கிட்டு. அவ்வளவுதான். புதுக்கோட்டையில் இருப்பதெல்லாம் அங்கிட்டு, நம்முடையது இங்கிட்டு. இவ்வளவு எளிதான விஷயம் உலகத்தில் வேறு யாருக்கும் தோன்றவில்லையே என்று அன்று முழுக்கப் பெருமையாக இருந்தது. வீட்டில் சொன்னேன். "பெத்த பிள்ளைக்குப் பேரு வைக்கச் சொன்னப்ப ஆறு மாசம் மோட்டுவளையப் பாத்த ஆளு" என்றாள் மனைவி.

வேறு ஒருவருக்கும் தோன்றியிருந்தது. புதுக்கோட்டை அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண் ஆலங்குடிப் பக்கத்துக்காரி. அவளும் என் தொல்லை தாங்காமல் அங்கே இருக்கும் பிரிண்டருக்குப் பெயரை மாற்றியிருக்கிறாள். அவள் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் எது இங்கிட்டு என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

அது தெரிய வந்த காலையில் என் எதிரே பெஞ்சில் ஒரு மருமகளும் மாமியாரும் உட்கார்ந்திருந்தார்கள். மருமகள் முந்தாநாளே வந்து ரத்தம் கொடுத்தவள், அன்று மறுபடியும் கொடுத்திருந்தாள். கர்ப்பம் தங்குகிறதா என்று பார்க்கிற சோதனை அது. முதல் தடவை வந்த எண்ணைவிட அடுத்த தடவை எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை வைத்து டாக்டர் சொல்லுவார். "ஏற்கெனவே ரெண்டு தங்கலைங்க தம்பி" என்று மாமியார் என்னிடம் தணிந்த குரலில் சொல்லியிருந்தார். என்னிடம் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. பேனாவைப் பார்த்துச் சொல்லியிருப்பார். மருமகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரிப்போர்ட் வந்தது. இங்கிட்டு என்பதைத் தேர்ந்தெடுத்துப் பிரிண்ட் கொடுத்தேன். பிரிண்டர் அசையவில்லை. மறுபடி கொடுத்தேன். ம்ஹூம். பட்டியலைத் திறந்து பார்த்தால் இங்கிட்டு இரண்டு. வாலில்லாத ஒன்று மேலே, வாலோடு ஒன்று கீழே. நான் கொடுத்ததெல்லாம் மேலே இருப்பதற்கு.

"அடடா, போயிருச்சே" என்றேன், திரையிடம்.

எனக்குத் தனியாகப் பேசும் பழக்கம் உண்டு. அதோடு நிறுத்தியிருக்கலாம். "அப்பவே நெனச்சேன். ரெண்டு தடவையும் நிக்காமப் போயிருச்சு" என்றும் சொன்னேன்.

பெஞ்சில் ஏதோ சத்தம் கேட்டுத் திரும்பினேன். மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தோள் மட்டும் குலுங்கியது. மாமியார் அவளைத் தன் மேல் சாய்த்துப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

"தம்பி, நல்லாப் பாத்துச் சொல்லுங்க. போயிருச்சா?"

"ஆமாங்காத்தா. போயிருச்சு" என்றேன். "புதுக்கோட்டைக்கு."

இந்த இரண்டு வார்த்தைக்கும் நடுவில் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று பிற்பாடு பல தடவை யோசித்திருக்கிறேன். ஒரு மூச்சுதான் இருக்கும். அந்த ஒரு மூச்சில் அந்தப் பெண்ணின் முகம் போன போக்கை எனக்கு எழுதத் தெரியவில்லை.

"என்னது புதுக்கோட்டைக்கு?"

"பேப்பருங்காத்தா. ரிப்போர்ட்டு பேப்பரு."

மாமியார் நிதானமாக, சத்தம் போடாமல் ஆரம்பித்தார். "ஏந்தம்பி, பேப்பருன்னு ஒரு வார்த்தை சேத்துச் சொன்னா ஒங்க வாயிலேருந்து முத்து உதுந்துருமா? வாய்க்குள்ள வச்சு என்ன பண்ணப் போறீங்க அத?"

நல்லவேளையாகப் போன் அடித்தது. புதுக்கோட்டைப் பெண்.

"அண்ணே, ஒங்க ஊரு ரிப்போர்ட்டு ரெண்டு காப்பி இங்கிட்டு வந்து கெடக்கு."

"நான் இங்கிட்டுக்குத்தானம்மா குடுத்தேன்."

"இங்கிட்டுக்குத்தாண்ணே வந்துருக்கு."

"இல்லம்மா, இங்கிட்டு. இங்கிட்டுன்னா இங்கிட்டு."

"அதாண்ணே நானும் சொல்றேன். இங்கிட்டுதான்."

"ரெண்டு பேரும் எங்கிட்டாச்சும் போங்க" என்றார் மாமியார். "எம்மருமக பேப்பரக் குடுத்துட்டுப் போங்க."

அழுதுகொண்டிருந்தவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. கீழே இருந்த, வால் முளைத்த இங்கிட்டைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். பிரிண்டர் ஒரு உதறு உதறிக் காகிதத்தைத் துப்பியது.

அவள் கவரை வாங்கிக்கொண்டு மெதுவாகக் கேட்டாள். "அப்ப இருக்காண்ணே?"

எண் ஏறியிருந்தது எனக்குத் தெரியும். அந்த ஏற்றம் போதுமா என்பது தெரியாது. பாதி வாக்கியம் சொல்லி ஒரு தடவை கெடுத்தாயிற்று, பாதி விவரம் சொல்லி இன்னொரு தடவை கெடுக்க வேண்டாம் என்று, "டாக்டரம்மா சொல்லுவாங்கம்மா" என்றேன். முகத்தில் எதுவும் தெரியாமல் வைத்துக்கொள்ளப் பார்த்தேன். அப்படி வைத்தால் எனக்குப் பல்வலிக்காரன் முகம் வந்துவிடும் என்று மனைவி சொல்லியிருக்கிறாள். அதனால் குனிந்து மேஜையைத் துடைத்தேன்.

அவர்கள் ரோட்டைத் தாண்டி எதிரே டாக்டரம்மாவின் கிளினிக்குக்குள் போனார்கள். நான் மேஜையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். பள்ளிக்கூடத்தில் தோன்றா எழுவாய் என்று ஒன்று நடத்தினார்கள். வாக்கியத்தில் எழுவாய் இருக்காது, கேட்கிறவர்களே புரிந்துகொள்ள வேண்டும். அதற்கு எடுத்துக்காட்டு எழுதச் சொன்னால் எனக்கு என்றைக்கும் வராது. இவ்வளவு வருஷம் கழித்து இப்படியொரு எடுத்துக்காட்டு என் வாயிலிருந்தே வரும் என்று தமிழ் வாத்தியார்கூட எதிர்பார்த்திருக்க மாட்டார். போனில் புதுக்கோட்டைப் பெண்ணைக் கூப்பிட்டு, "என் பிரிண்டருக்குக் கீரமங்கலம்னு பேரு வச்சுட்டேன்மா. இங்கிட்டை நீயே வச்சுக்க" என்றேன். ஏன் என்று கேட்டாள். சொல்லத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன்.

வெயில் ஏறியபின் இருவரும் வெளியே வந்தார்கள். பஸ் ஸ்டாப்புக்குப் போகிறவர்கள் நேரே போகாமல் ரோட்டைத் தாண்டி எங்கள் வாசலுக்கு வந்தார்கள். நான் மறுபடி மேஜையைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"ஏறியிருக்காம்ணே" என்றாள் அந்தப் பெண். உடனே என்னைப் பார்த்து, ஒரு சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி நிறுத்திச் சொன்னாள். "எண்ணு. எண்ணு ஏறியிருக்காம்."

"ரெண்டு வாரங் கழிச்சு ஸ்கேன்ல துடிப்பு தெரியணுமாம்" என்றார் மாமியார். "அதுக்கு முன்னாடி எதுவும் சொல்ல முடியாதுன்னு சொல்லிட்டாங்க. எம்மகன்கிட்டகூட இன்னும் சொல்லல. நீங்க வாயத் தொறந்துராதீக."

"தொறக்க மாட்டேங்காத்தா."

"ஒங்க வாயி எனக்குத் தெரியும்" என்றார், சிரிக்காமல்.

அறந்தாங்கி பஸ் வந்து நின்றது. மாமியார் முதலில் ஏறினார். பின்னால் இடம் இருக்கிறது, போய் உட்காருங்கள் என்று கண்டக்டர் சொல்லியிருப்பார் போல. டயருக்கு மேலே இருக்கிற சீட்டில் என் மருமகள் உட்கார மாட்டாள், முன்னால் யாரையாவது எழுப்பிவிடுங்கள் என்று மாமியார் போட்ட சண்டை என் நாற்காலி வரைக்கும் கேட்டது. யாரோ எழுந்திருக்கிற வரைக்கும் பஸ் கிளம்பவில்லை.