யாரும் உட்காராத பந்தி

காலை பதினொன்று இருபதுக்கு என் மகளின் தேற்றம் நின்றுபோனது. நேரம் எனக்கு நன்றாகத் தெரியும். கரும்பலகைக்கு மேலே கடிகாரம் இருந்தது. அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணாமலை நகரில் அவளுடைய பிஎச்.டி. வைவா, பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. பொது வைவா என்பதால் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். எங்கள் பக்கத்தில் அதை ஒரு சின்னக் கல்யாணம் போலவே நடத்துகிறோம். முடிந்ததும் வந்தவர்களுக்கெல்லாம் இலை போட வேண்டும். கடலூரிலிருந்து நானும் மகளும் காலை பஸ்ஸிலேயே வந்துவிட்டோம். என் மனைவி நர்ஸ். காலை ஷிப்டை மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்காததால் வேலை முடித்துவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தாள். அவளுடைய அண்ணன், என் மச்சான், குமராட்சியிலிருந்து உறவினர்களையும் சாப்பாட்டையும் ஒரே வேனில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்.

நான் பி.காம். படித்தவன். அவளுடைய ஆராய்ச்சி எனக்குப் புரியும் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனால் வரும் வழியில், பதற்றத்தில் நான் எதையாவது கேட்டுக்கொண்டே இருந்ததால், டிக்கெட்டின் பின்பக்கத்தில் வரைந்து காட்டினாள். சில வட்டங்கள், அவற்றுக்கு நடுவே சில கட்டங்கள், இணைக்க அம்புகள். வட்டத்துக்குள் வைக்கும் புள்ளிக்கு டோக்கன் என்று பெயர். ஒரு கட்டத்தை நோக்கி அம்பு விடும் எல்லா வட்டங்களிலும் டோக்கன் இருந்தால்தான் அந்தக் கட்டம் இயங்கும். அங்கிருந்து எடுத்து அடுத்த வட்டங்களில் போடும். ஒரே நேரத்தில் பல வேலைகள் நடக்கும் எந்த இடத்தையும் இப்படி வரைந்துவிடலாமாம்.

“ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு எழுத்து வச்சிருக்கம்பா. எது எது நடக்குதோ வரிசையா அந்த எழுத்த எழுதினா ஒரு சொல் வரும். அப்படி வரக்கூடிய சொல் எல்லாத்தையும் சேத்தா அதுதான் அந்தப் படத்தோட மொழி.”

“எழுத்தே வரலன்னா?”

“நின்னுபோச்சுன்னு அர்த்தம். ஒவ்வொருத்தரும் இன்னொருத்தருக்காகக் காத்துக்கிட்டு நிப்பாங்க. டெட்லாக்.”

குறிப்பிட்ட ஒரு வகைப் படங்களில், டோக்கன்களை எப்படி வைத்துத் தொடங்கினாலும் டெட்லாக் வராது என்பதுதான் அவளுடைய முக்கியமான தேற்றம்.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் மெல்லிய குரல்காரர். பாதியில் எழுந்துபோய்ப் பலகையில் ஒரு படம் வரைந்தார். “இது உங்க வகைதானே?” என்றார். “ஆமா சார்” என்றாள். அவரே சாக்பீஸால் புள்ளிகளை வைத்து, “ஓட்டிக் காட்டுங்க” என்றார். அவள் ஓட்டினாள். கொஞ்ச தூரம் போனது. பிறகு எந்தக் கட்டத்தை எடுத்தாலும் அது இயங்க வேண்டிய டோக்கன்களில் ஒன்று இல்லை.

“நகரலையே” என்றார் அவர். குரலில் குத்தல் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அவளுடைய கைடு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இரண்டு மணிக்கு மறுபடி கூடலாம், பதில் இல்லையென்றால் ஆய்வேட்டைத் திருத்தித் திரும்ப அனுப்ப வேண்டியிருக்கும் என்று தேர்வாளர் சொன்னார். அதற்கு இன்னும் ஒரு வருடம் பிடிக்கும். கடலூரில் ஒரு கல்லூரி இந்தப் பட்டத்தை நம்பி அவளுக்காக நிறுத்திவைத்திருந்த வேலை அதுவரை இருக்காது.

மச்சானுக்கு இதெல்லாம் ஏறவில்லை. “சோறு ஆறுது மச்சான். வைவா பாதி முடிஞ்சா என்ன, முழுசா முடிஞ்சா என்ன, பசி பசிதான?” என்று துறையின் பின்கூடத்தில் இலையைப் போடச் சொல்லிவிட்டார். தேர்வாளரையும் கையைப் பிடிக்காத குறையாக அழைத்து வந்தார்.

இலை போட்டாயிற்று, தண்ணீர் வைத்தாயிற்று. யாரும் உட்காரவில்லை.

“சார், உக்காருங்க” என்றார் மச்சான்.

“பெரியவங்க நிக்கிறாங்களே. அவங்க முதல்ல உட்காரட்டும்” என்று தேர்வாளர் என் பெரியப்பாவைக் காட்டினார்.

“நல்லா இருக்கே! பொண்ணப் பெத்தவன் நிக்கிறான், நான் போயி உக்கார்றதா?” என்றார் பெரியப்பா.

“அவ சாப்புடாம எனக்கு எறங்காது பெரியப்பா” என்றேன். உண்மையாகவே அப்படித்தான் இருந்தது.

எல்லோரும் மகளைப் பார்த்தார்கள். “சார் நிக்கிறப்ப நான் எப்படிப்பா உக்கார்றது?” என்றாள்.

அன்னக்கூடையைத் தூக்கி வந்தவர் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். மச்சான் பொறுமை இழந்தார். “நில்லுங்க, எல்லாரும் நல்லா நில்லுங்க. நான் போயி மாட்ட ஓட்டியாந்து இலையில வுட்டுர்றேன்.”

மகள் சிரித்துவிட்டாள். அந்தப் பதினொன்று இருபதுக்குப் பிறகு முதல் சிரிப்பு. மச்சான் பெரியப்பாவின் தோளை இரண்டு கையாலும் அழுத்தி, “உக்காருங்க மாமா, ஜாஸ்தி பேசாதீங்க” என்று இலைக்கு முன்னால் இறக்கினார். பெரியப்பா உட்கார்ந்ததும் தேர்வாளர் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததும் மகள். அவளைப் பார்த்து நான். பந்தி நிறைந்துவிட்டது.

ஆனால் அவள் சிரிப்பு நின்றிருந்தது. எங்களை வரிசையாக, பிறகு திரும்பவும் முதலிலிருந்து பார்த்தாள். சோற்றை ஒதுக்கிவிட்டு, இலையில் வழிந்த பாயசத்தை விரலால் இழுத்து வட்டம் போட ஆரம்பித்தாள்.

“சாப்புட வந்தியா, கோலம் போட வந்தியா?” என்றார் மச்சான்.

“ஒரு நிமிஷம் மாமா.”

அந்த இலையில் அவள் எதையும் சாப்பிடவில்லை.

இரண்டு மணிக்குப் பலகையில் அந்தப் படம் அழியாமல் இருந்தது. அவள் நேராகப் போய் நின்றாள். “சார், நீங்க காட்டினது சரி. நான் எழுதினபடி இந்தத் தியரம் தப்பு.”

பின்னால் யாரோ உச்சுக்கொட்டினார்கள்.

“ஒரு நிபந்தனைய விட்டுட்டேன்” என்றாள் தொடர்ந்து. அவர் படத்தில் சில வட்டங்களைச் சேர்த்து ஒரு வளையம் போட்டாள். பந்தியில் நாங்கள் நின்றதுபோல ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கும் வளையம் அது. தொடக்கத்தில் அது காலியாக இருந்தால் கடைசிவரை காலிதான். உள்ளே டோக்கன் வர வழியே இல்லை. வளையத்தை விட்டு வெளியே போக முடியாத டோக்கன் ஒன்று ஆரம்பத்திலேயே உள்ளே இருந்துவிட்டால், படம் ஒருநாளும் நிற்காது. இவ்வளவும் எனக்கே புரிந்தது. அதற்குப் பிறகு அவள் எழுதிய நிரூபணம் புரியவில்லை. பலகை நிறைந்தது, ஓரத்தில் கொஞ்சம் அழித்து மேலும் எழுதினாள். நான் அவள் கையைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன்.

தேர்வாளர் முன்னால் சாய்ந்தார். “இந்த நிபந்தனை இல்லாட்டி எங்கயாவது கட்டாயம் நிக்குமா?”

அது தீசிஸிலேயே இல்லாத கேள்வி என்று பக்கத்தில் இருந்த ஆராய்ச்சி மாணவி என் காதில் சொன்னாள். மகள் தான் போட்ட வளையத்தின் மேல் சாக்பீஸை இன்னொரு முறை சுற்றி ஓட்டினாள்.

“நிக்கும் சார்” என்றாள். எழுதியும் காட்டினாள்.

எங்களை வெளியே அனுப்பிவிட்டுத் திரும்ப அழைத்தார்கள். பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாகத் தேர்வாளர் படித்தார். பிறகு தாளை மடித்து வைத்துவிட்டு, “நான் இந்தத் தியரத்தை உடைக்கிறதுக்குத்தான் வந்தேன். உடைச்சும் பாத்தேன். அவங்க இன்னும் பெரிசா ஒண்ணு கட்டிட்டாங்க” என்றார். கைதட்டலுக்கு நடுவே மச்சான் விசிலடித்தார். கைடு முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடி கண்ணாடியைத் துடைத்தார். பெரியப்பா பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம், “எங்க பொண்ணு! எங்க பொண்ணு!” என்று சொல்லிக்கொண்டிருந்தார். மகள் என்னை நோக்கி வந்தாள். சுண்ணாம்புத் தூசி அப்பிய கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். எல்லாம் ஜெயித்த பிறகுதான் என் உடம்பு உதற ஆரம்பித்தது.

கூட்டம் கலைந்து படிக்கட்டில் நின்றிருந்தபோது மனைவி வந்து சேர்ந்தாள். நர்ஸ் உடுப்பின் மேலேயே ஒரு துப்பட்டா. மகளை இழுத்து நெற்றியில் முத்தமிட்டாள். அவள் கன்னத்தைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னிடம் வந்து, கேட்காமலேயே என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள்.

“கேட்டுலயே செக்யூரிட்டி சொல்லிட்டாரு, பாஸாயிட்டான்னு. அவ நல்லாத்தான் நிக்கிறா. வைவா உங்களுக்கா நடந்துச்சு?”