மைக்ராஸ்கோப்பில் என் ரத்தம்

என் முதுகு என்னைக் கேட்காமலே பலகையாகிப் போனது. இருபது வயசுக்கு மேல் ஆரம்பித்த நோவு. பக்கத்திலிருந்து யாராவது கூப்பிட்டால் கழுத்து திரும்பாது; ஆளே மொத்தமாகத் திரும்ப வேண்டும். அந்த வேடிக்கையைப் பார்க்கவே திருமயம் கடைத்தெருவில் பயல்கள் கூப்பிடுவார்கள். சனியன் பிடித்த பயல்கள்.

அறுபதுகளில் மதராசுக்குக் கூட்டிப்போய் முதுகுத்தண்டுக்குக் கரண்ட்டு வைத்தார்கள். எக்ஸ்ரே சிகிச்சையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். முதுகு வளைந்து கொடுக்கவில்லை என்றாலும் வலி நின்றது. அப்பாடா என்று தூங்கினேன். வலி நின்றது தெரிந்ததும் ஆத்தா பெண் தேட ஆரம்பித்துவிட்டாள்.

ஆத்தா என்னைப் பெற்றவள் இல்லை. பிள்ளையில்லாத அந்த வீட்டுக்கு, சின்ன வயசில் என்னைப் பிள்ளை கூட்டினார்கள், அதாவது தத்து எடுத்தார்கள். ஊரறிய மாலை போட்டுச் செய்கிற காரியம். என்னைப் பெற்றவர்கள் அன்றிலிருந்து எனக்குச் சித்தப்பா, சின்னாத்தா. கூட்டினது எதற்கு? வீடு விளங்க. எங்கள் ஜனத்தில் கல்யாணம் ஆனால்தான் கோயில் கணக்கில் ஒரு குடும்பமாக, ஒரு புள்ளியாகச் சேர்ப்பார்கள். நான் புள்ளியாகாவிட்டால் அந்த வீடு என்னோடு முடிந்தது.

எனக்கோ கல்யாணமே வேண்டாம். யார் வீட்டுப் பெண்ணையோ கொண்டுவந்து இந்தப் பலகைக்குப் பணிவிடை செய்ய வைப்பதா? ஆனால் ஆத்தாவிடம் அதை எந்த வாயால் சொல்வது?

மறுபடி மதராசுக்குப் போனபோது, ஆராய்ச்சி செய்கிற டாக்டரம்மா ஒருவர் வந்தார். "கரண்ட்டு வெச்சவங்க ரத்தத்துல என்ன சேதம் ஆகியிருக்குன்னு பார்க்கிறோம். கொஞ்சம் ரத்தம் தர்றீங்களா?" சட்டென்று கையை நீட்டினேன். ரத்தம் கெட்டது என்று டாக்டர் வாயாலேயே வந்துவிட்டால், அப்புறம் எனக்கு யார் பெண் கொடுப்பார்கள்? தப்பிக்க அந்த ஒரு வழிதான் தெரிந்தது.

சில நாள் கழித்துக் கூப்பிட்டனுப்பினார். என்னால் குனிய முடியாதே, தடித்தடிப் புத்தகங்களை அடுக்கி அதன்மேல் மைக்ராஸ்கோப்பை ஏற்றி வைத்தார்கள். உள்ளே ஊதா நிறத்தில் துண்டுதுண்டாக, உடைத்துப் போட்ட சேமியா மாதிரி.

"இதெல்லாம் ரத்த அணுவுக்குள்ள இருக்கிற குரோமசோம். இது உடைஞ்சது. இது உடைஞ்சு, தப்பான இடத்துல போய் ஒட்டிக்கிட்டது. கரண்ட்டு வைக்காதவங்ககிட்ட இது அபூர்வம். உங்ககிட்ட நிறைய இருக்கு."

"அப்ப எனக்குப் பிள்ளை பொறந்தா?"

"ரத்தத்தை வெச்சு அதைச் சொல்ல முடியாதுங்க. எங்களுக்கே தெரியலை."

பயந்துதான் போனேன். கூடவே ஒரு சந்தோஷமும் வந்தது, வெட்கக்கேடு! புதுக்கோட்டையில் ரயில் இறங்கும்வரை சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஆத்தா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நின்றபடியே கொட்டினேன். "ரத்தத்துல சேதமாம் ஆத்தா. நல்லபடியாப் பிள்ளை பொறக்குமான்னு டாக்டருக்கே தெரியலை. எனக்குக் கல்யாணம் வேணாம்."

அவள் கை நிற்கவில்லை. "பொண்ணு வீட்டுல ஒளிக்காமச் சொல்லிருவோம். சம்மதிக்கிறவுக குடுக்கட்டும். பொறக்காட்டிப் போகுது. ஒரு பிள்ளையக் கூட்டிக்கிருவோம்."

இந்தக் கதவும் அடைபட்டுவிட்டது. ஆத்திரத்தில் வாய் முந்திக்கொண்டது. "கூட்டுனா அது நம்ம பிள்ளை ஆயிருமா?"

இப்போது அவள் கை நின்றது.

"ஏப்பா, ஒன்னைய நானா பெத்தேன்?"

வேறு எங்காவது பார்க்கலாம் என்றால் பாழாய்ப்போன கழுத்து திரும்பவில்லை. அவள் கண் நிறைவதை நேருக்கு நேராகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பொண்ணு பாக்க எப்ப போகணும் ஆத்தா?" என்று கேட்டேன்.